யார் ஆற்றுவது?

பொறுமை என்பது ஒரு குணமா, அல்லது ஒரு வசதியா?

குணம் என்றுதான் நமக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பூமாதேவியை உதாரணம் காட்டினார்கள். கதை எழுதுகிற நானும் இத்தனை வருஷமாக அதையே நம்பிக்கொண்டு, பொறுத்துப் போகிறவர்களை உத்தமர்களாகவும், பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டவர்களை அற்பர்களாகவும் சிருஷ்டித்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த நம்பிக்கையை அசைத்தவர் ஒரு வேதாந்தியல்ல; சிதம்பரத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஒரு நண்பர். அவர் ஒரு தர்ம நியாயமும் பேசவில்லை. ஆகாயத்தில் இருக்கும் ஒரு வாயு எப்படிச் சூடாகிறது, எப்படி ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். நான்தான் அதைக் கேட்டுக்கொண்டே மஞ்சக்குப்பத்தில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். பக்தி பாதி, கூட்டத்தைப் பார்க்கும் ஆசை பாதி. நண்பர் வீட்டு மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி உண்டு. ராத்திரி அதில் எதையாவது காட்டுங்கள் என்றேன்.

"இன்னைக்கு வேணாம் சார். நிலா அந்தப் பக்கமே வந்து நிக்குது. பத்து நாள் கழிச்சு வாங்க. சாமிக்கு நிலா வேணும், எனக்கு இருட்டு வேணும்" என்றார்.

வாஸ்தவம்தான். மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வருவது. திருவாதிரை என்று நாம் கும்பிடும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே முழு நிலவு நின்றால், மங்கலான எதுவும் கண்ணுக்கு அகப்படாது. பத்து நாள் கழித்து மறுபடி பஸ் ஏறினேன்.

திருவாதிரைக்குத் தெற்கே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். சிறு குழந்தைகூடக் காட்டும். அதற்கும் சற்றுத் தெற்கே, தொங்கவிட்ட கத்தியைப் போல இன்னொரு சிறு வரிசை. அதன் நடுவில் இருப்பது நட்சத்திரமல்ல, ஒரு புகைத் திட்டு. தொலைநோக்கியில் பார்த்தபோது, சாம்பலில் துளி பச்சை கலந்த மாதிரி, சிறகு விரித்த வடிவத்தில் இருந்தது. புத்தகப் படங்களில் பார்த்த சிவப்பும் ஊதாவும் அங்கே இல்லை. கொஞ்சம் ஏமாற்றந்தான். "அந்தப் பச்சையை விட்டுடாதீங்க, கதையே அதுலதான் இருக்கு" என்றார்.

அது ஒரு வாயு மண்டலம். தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. நடுவே சில இளம் நட்சத்திரங்கள். அவற்றில் பெரியதன் மேற்பரப்பு 30,000 டிகிரிக்கு மேல். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளி பாய்கிறது. சுற்றியிருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். அந்த ஒளி ஹைட்ரஜன் அணுவில் மோதி அதன் ஒற்றை எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. பிய்ப்பதற்கு ஆன செலவு போக மிச்சம் இருக்கும் சக்தி, பிய்ந்து போன எலெக்ட்ரானுக்கு வேகமாகச் சேருகிறது. வேகந்தான் சூடு. அந்த எலெக்ட்ரான் மற்றவற்றை இடித்துத் தள்ளி, தன் சூட்டை எல்லோருக்கும் பங்கு வைத்துவிடுகிறது. அடுப்பு இல்லை, விறகு இல்லை; அடிபட்டவன் அடுத்தவனை இடிப்பதுதான் அங்கே உஷ்ணம். இதைக் கேட்டதுமே எனக்குக் கூட்டுக் குடும்பம் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

உஷ்ணம் என்பதில் நாம் ஒரு தப்புச் செய்கிறோம் என்றும் சொன்னார். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறோம். தெறிக்கிற பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரி இருக்கும். கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. அண்டாவில் கொதிக்கிற வெந்நீர் 100 டிகிரிதான். அதில் கை விழுந்தால் ஆஸ்பத்திரிதான். டிகிரி வேறு, சரக்கு வேறு. சூரியனைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல். கீழே சூரியனின் முகமோ 6,000 டிகிரிகூட இல்லை. அடுப்பைவிட ஆவி எப்படிச் சூடாக இருக்க முடியும் என்பதற்கு இன்னும் தீர்ந்த பதில் கிடையாது. அதை வேவு பார்க்கத்தான், மற்ற வேலைகளோடு, 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா போயிற்று. 2024 ஜனவரியில் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தும்விட்டது.

எங்கள் சித்தப்பா மத்தாப்பு ஜாதி. பெரியப்பா அண்டா. பெரியப்பாவின் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. வீட்டில் பயம் அவரிடந்தான்.

வீட்டில் நாங்கள் பதின்மூன்று பேர். மூன்று சகோதரர்கள், அவர்களுடைய மனைவியர் மூவர், குழந்தைகள் ஆறு பேர். பதின்மூன்றாவது ஆள் அத்தை. இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவளுக்கென்று சாமான் அறையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. வேறு சொத்து இல்லை. ஓட்டு எடுத்தால் அவள் ஓட்டை எண்ணமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் யாருக்கு மனசு கொதித்தாலும் அவர்கள் போய் நின்றது அத்தையிடந்தான். சித்திக்குப் பெரியம்மா மேல் கோபம்; அம்மாவுக்குச் சித்தி மேல் வருத்தம்; பெரியம்மாவுக்கு உலகத்தின் மேலேயே கசப்பு. எல்லாவற்றையும் அத்தை காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். "அப்படியா" என்பாள். "சரி, விடு" என்பாள். சொன்னவர்கள் முகம் தெளிந்து போவார்கள். ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதுக்குப் போனதே கிடையாது.

சாயங்காலம் அத்தை காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போவாள். துணி எடுக்க ஐந்து நிமிஷம் போதும். அத்தை முக்கால் மணி நேரம் இருப்பாள். எட்டு வயசில் ஒருநாள் பட்டம் விடுவதற்காக ஓசைப்படாமல் ஏறிப்போனேன். அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று முகத்தில் அடிக்க, கிழக்கே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. நான் இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் அம்மா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதை இங்கே நிறுத்திவிட்டு வாயுவுக்கு வருகிறேன்.

நட்சத்திரம் சூடேற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் வாயு மேலும் மேலும் கொதித்துக்கொண்டே போகவேண்டாமா? போவதில்லை. நட்சத்திரம் 30,000 டிகிரியாக இருந்தாலும் 40,000 டிகிரியாக இருந்தாலும், இந்த மாதிரி வாயு மண்டலங்கள் ஏறக்குறைய 10,000 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகின்றன. யாரோ ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். யார்?

ஹைட்ரஜன் அல்ல. வீடு முழுக்க ஹைட்ரஜன்தான். ஆனால் அது பெரியப்பா மாதிரி. அதை ஒரு படி அசைக்க வேண்டுமென்றால் பெரிய அடி வேண்டும். சாதாரண எலெக்ட்ரான் வந்து மோதினால் கல்லில் பட்ட பந்துதான், சூட்டை வாங்கிக்கொள்ளாது. (இப்படிப்பட்டவர்களைக் கம்பீரம் என்று நான் நாலைந்து நாவல்களில் வர்ணித்திருக்கிறேன்.) ஆற்றுகிற வேலையைச் செய்வது பிராணவாயு. நைட்ரஜனும் கந்தகமும் கொஞ்சம் கூடமாட ஒத்தாசை செய்கின்றன. பத்தாயிரம் ஹைட்ரஜன் அணுவுக்கு ஐந்து பிராணவாயு அணு இருந்தால் அதிகம். ஆனால் சிறிய அடிக்கும் அது அசைந்து கொடுக்கும். ஓர் எலெக்ட்ரான் மோதினால் அதன் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஒரு படி மேலே ஏறி நிற்கும். பிறகு வாங்கியதை ஒரு பச்சை ஒளியாக வெளியே விட்டுவிட்டு, பழைய நிலைக்கு இறங்கிவிடும். அந்த ஒளி திரும்பி வராது. மண்டலத்தைக் கடந்து வெளியே போயே போய்விடும். போனது எவ்வளவோ அவ்வளவு சூடு குறைந்தது. சூடு ஏற ஏற மோதல் அதிகமாகும். பிராணவாயு இன்னும் அதிகமாக வாங்கி இன்னும் அதிகமாக வெளியே விடும். நான் தொலைநோக்கியில் பார்த்த பச்சை அதுதான்.

நம் பாஷையில் இதற்கு என்ன அழகான சொல் இருக்கிறது பாருங்கள். காபியை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது. துக்கப்பட்டவனுக்கு ஆறுதல் சொல்கிறோம். சூடு போவதற்கும் துயரம் போவதற்கும் ஒரே வினைச்சொல். டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் மாற்றி மாற்றி ஊற்றும்போது நாம் செய்வதென்ன? உள்ளே இருக்கும் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுப்பதுதான். வெளி இல்லாமல் ஆறுவது என்பது கிடையாது. நெய்வேலியில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய கோபுரங்கள் மின்சாரம் உண்டாக்குபவை அல்ல; கரியை எரித்த சூட்டில் பாதிக்கு மேல் வெளியே கொட்டத்தான் அவை நிற்கின்றன.

அந்தப் பச்சையின் சரித்திரம் விசித்திரமானது. 1864-ல் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் இப்படி ஒரு வாயு மண்டலத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது பச்சையில் சில கோடுகள் கண்டார். பூமியில் எந்தப் பொருளை எரித்தாலும் அந்தக் கோடு வரவில்லை. ஆகவே இது பூமியில் இல்லாத புதுப் பொருள் என்று முடிவு கட்டி, நெபுலியம் என்று பிறகு பெயரும் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1868 ஆகஸ்ட் 18-ந் தேதி சூரிய கிரகணத்தைப் பார்க்க ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் கடல் கடந்து குண்டூருக்கு வந்தார். அந்த வருஷம் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோட்டை வைத்துக் கண்டுபிடித்த ஹீலியம், 1895-ல் பூமியிலேயே அகப்பட்டுவிட்டது. (அந்தக் கிரகணத்துக்கு முந்திய வருஷந்தான், 1867-ல், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு எரியத் தொடங்கியது. ஆற்றக்கூடாத நெருப்பும் உலகத்தில் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.) ஹீலியம் அகப்பட்டது போல நெபுலியமும் அகப்படும் என்று காத்திருந்தார்கள். அகப்படவேயில்லை.

1927-ல் கலிபோர்னியாவில் போவன் என்பவர் கண்டு சொன்னார்: இது புதுப் பொருளே அல்ல, நாம் தினம் மூச்சு விடும் பிராணவாயுதான்; இரண்டு எலெக்ட்ரானை இழந்து நிற்கிறது.

பின் ஏன் பூமியில் அந்தப் பச்சையைக் காட்டவில்லை?

இந்த இடத்தில்தான் நண்பர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மற்ற அணுக்கள் வாங்கிய சக்தியைக் கண் இமைப்பதற்கு முன், வினாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், வெளியே விட்டுவிடும். பிராணவாயுவின் இந்தப் பச்சைக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். அரை நிமிஷம் அதை யாரும் தொடக்கூடாது. பூமியில் நாம் இருக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 27-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அத்தனை மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் வினாடிக்குப் பல நூறு கோடித் தடவை இடிபடுகிறது. அங்கே அரை நிமிஷம் என்பது ஒரு யுகம். ஆகாயத்து வாயுவில் அதே இடத்துக்குள் சில ஆயிரம் அணுக்கள்தான். அங்கே அதற்கு அவகாசம் கிடைக்கிறது. இதை விஞ்ஞானத்தில் தடை செய்யப்பட்ட கோடு என்கிறார்களாம். உண்மையில் தடை ஒன்றும் இல்லை; அவகாசம் கொடுக்கத்தான் ஆளில்லை.

"கூட்டத்துல அது என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒளியை விடறதுக்குள்ள இன்னொரு எலெக்ட்ரான் வந்து இடிக்கும் சார். இது வாங்கி வெச்ச சக்தியை அது பிடுங்கிக்கிட்டு வேகமாப் போயிடும். சூடு வெளியே போகாது. திரும்ப உள்ளேயே வந்துடும்."

நான் அதற்குப் பிறகு தொலைநோக்கியில் பார்க்கவில்லை.

ஏனென்றால் அந்த மாடியை எடுத்துக்கொண்டவன் நான். ப்ளஸ் டூவில் நான் நிறைய மார்க் வாங்கவேண்டும் என்று வீடே தீர்மானித்தது. பதின்மூன்று பேர் இருக்கும் வீட்டில் பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஓர் அறை கட்டினார்கள். துணிக்கொடி கொல்லைக்கு, கிணற்றடிக்கு வந்தது. அங்கே காலை முதல் இரவு வரை யாராவது இருப்பார்கள். அத்தையையும் ஒரு வார்த்தை கேட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். "புள்ள படிக்கட்டும்" என்றாள். அத்தை எதற்குத்தான் மறுப்புச் சொன்னாள்?

அந்த வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது. சித்தி சொன்னது பெரியம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா சொன்னது சித்திக்குத் தெரிந்தது. அத்தை கிணற்றடியில் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, "என்ன அத்தை, ஒரு மாதிரியா இருக்கே?" என்பார்கள், அத்தை சொல்லிவிடுவாள். முன்பு ஒருத்தி கொண்டுவந்த சூடு மாடிக்குப் போய்க் கடற்காற்றில் கரைந்தது. இப்போது அது பக்கத்தில் நிற்பவள் மேலேயே ஏறிற்று. வயசாகிவிட்டது, புத்தி மாறிவிட்டது, கோள் சொல்கிறாள் என்றார்கள். இரண்டு வருஷத்தில் வீடு மூன்று அடுப்பாயிற்று. அத்தைக்கு ஒரு வீட்டில் நாலு மாதம் என்று முறை வைத்தார்கள். மூன்று வீட்டிலும் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கோள்காரி என்ற பெயரோடேயே போய்ச் சேர்ந்தாள்.

இதோடு போயிருந்தால்கூட இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அவளை வைத்து நான் ஒரு கதை எழுதினேன். வீட்டுக்கு வீடு போய் மூட்டிவிடும் ஒரு கிழவி. அவள் வாய், அவள் நடை, துணி மடிக்கும்போது தலையைச் சாய்த்துப் பேசும் விதம், எல்லாம் அத்தையினுடையது. நன்றாக வந்த கதை. வாசகர்கள் சிரித்தார்கள். அச்சாக எங்கள் வீட்டிலும் ஒருத்தி என்று கடிதம் எழுதினார்கள். நானும் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கதையில் கிழவியின் நாக்கைப் பற்றிப் பத்து வரி எழுதிய நான், மொட்டை மாடியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத்தாளனின் கூர்ந்த பார்வை என்று சொல்கிறார்களே, அதன் லட்சணம் இது!

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அணுவுக்கு மனசு கிடையாது சார்" என்றார்.

சரியான ஆட்சேபணை. இயற்கையில் ஒன்று நடக்கிறது என்பதற்காக அது மனிதனுக்கு நியாயமாகிவிடாது. அதோடு இந்த உவமை ஒரு முக்கியமான இடத்தில் உடைகிறது. பிராணவாயு வாங்கியதை விட்டதும் முன்பு இருந்தபடியே ஆகிவிடுகிறது. கோடித் தடவை வாங்கினாலும் அதற்குத் தேய்மானமில்லை. அத்தை அப்படியா? இருபத்தைந்து வருஷம் ஒவ்வொரு சாயங்காலமும் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், ஏறிப்போன அதே அத்தையாகவா இறங்கி வந்திருப்பாள்? ஒரு குடும்பம் தன் சூட்டையெல்லாம் ஒருத்தியின் மேல் கொட்டி, தான் மட்டும் குளிர்ச்சியாக இருந்துவிட்டு, அதற்கு அவள் பொறுமை என்று பெயர் வைப்பது தர்மமா? மாடியை அவளுக்கே விட்டிருந்தால் எல்லாம் நியாயமாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மாடி இருந்த காலத்திலும் அது அநியாயந்தான். மாடி இல்லாதபோது அநியாயத்தோடு பழியும் சேர்ந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. குணம் என்பது ஒன்றுமில்லை, எல்லாம் இடநெருக்கடிதான் என்று நான் சொல்லிவிட்டால், சித்தியும் அதையே சொல்லலாம். பெரியம்மாவும் சொல்லலாம். நான்கூட, பதினேழு வயசுப் பையனுக்கு என்ன தெரியும் என்று தப்பித்துக்கொள்ளலாம். அப்புறம் உலகத்தில் குற்றவாளியே இருக்க மாட்டான். அத்தை ஒரு வார்த்தையை அடக்கியிருக்கலாம் என்பதும் மெய்தான். எத்தனையோ பேர் அடக்கியிருக்கிறார்கள். ஆனால் அடக்கியவர்களுக்கெல்லாம் எங்கோ ஒரு மாடி, ஒரு குளக்கரை, ஒரு கோயில் பிராகாரம் இருந்திருக்குமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கி ரகசியம் காட்டுகிறார்களே, அங்கே இருப்பது பொன் வில்வ மாலையும் வெறும் வெளியும். சின்ன வயசில் அத்தை என்னை அங்கே தூக்கிக் காட்டியபோது, "ஒண்ணுமே இல்லையே" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி அதட்டினார்கள்.

ஆர்த்ரா என்றால் ஈரம் என்று அர்த்தமாம். கொதிக்கிற வாயுவுக்குப் பக்கத்து நட்சத்திரத்துக்கு ஈரம் என்று யார் பெயர் வைத்தார்களோ!

மஞ்சக்குப்பத்து வீடு கைமாறிவிட்டது. போன மாசம் அந்தத் தெருவழியாகப் போனேன். மாடியில் நான் படித்த அறை இன்னும் இருக்கிறது, ஷீட்டை மாற்றியிருக்கிறார்கள். கொடி ஒன்றும் கண்ணில் படவில்லை.

என் சிறுகதைகளை மொத்தமாகப் போடப் பதிப்பாளர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். அந்தக் கோள்காரிக் கதையைத்தான் முதலில் வைக்கவேண்டும், வாசகர்களுக்குப் பிடித்தது என்று எழுதியிருக்கிறார். எடுத்துவிடச் சொல்லலாம், எடுத்துவிட்டால் அத்தை இருந்ததற்கு அச்சில் இருக்கும் ஒரே அடையாளமும் போய்விடும். வைக்கச் சொல்லலாம், வைத்தால் இன்னும் கொஞ்சம் பேர் சிரிப்பார்கள். மாடியைச் சேர்த்துத் திருத்தி எழுதலாமா என்றும் பார்த்தேன். இரண்டு தடவை உட்கார்ந்தேன். கைப்பிடிச் சுவர் வரைக்கும் கதை வருகிறது. அங்கே அவள் கிழக்கே பார்த்து என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. பதில் கடிதம் இன்னும் எழுதவில்லை.